போர்முனையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

காலையில் செய்தித்தாளை விரித்ததும், எங்கோ தொலைநாட்டில் நடக்கும் போரைப் பற்றிப் படிக்கிறோம். வீடிழந்த ஒரு தாய் சொன்னவை அதில் அச்சாகியிருக்கின்றன. ஆனால், அதை எழுதிய வெளிநாட்டு நிருபருக்கு அந்தத் தாயின் மொழி தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. இருவருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றித் தருபவர் ஒருவர் இருக்கிறார். அவரே உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்.

போர்க்காலத்தில் இரு மொழி அறிந்தவரின் பணி நமக்குப் புதிதன்று. அத்தகையோரை நம் முன்னோர் 'துபாஷி' என்று அழைத்தனர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இன்றும் புகழ்பெற்று விளங்குகிறது.

இப்பணிக்கு மொழியறிவு மட்டும் போதாது. மக்களின் நம்பிக்கையும் வேண்டும். இதற்கு நம் தஞ்சையே சான்று. இரண்டாம் மைசூர்ப் போரின்போது (1780–1784) தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வாட்டியது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும் சுமந்து வர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பே கூலி கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள் மாடு தர மறுத்தனர். தமிழும் மராத்தியும் பாரசீகமும் அறிந்த சுவார்ட்ஸ் ஐயர், கூலியைத் தம் கையாலேயே தருவதாக உறுதி கூறினார். உடனே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஒருவர் வாக்கை நம்பி ஓர் ஊரே பசியாறியது!

இன்றைய போர்முனையிலும் மொழிபெயர்ப்பாளரின் முதல் கடமை, கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே. "பார்த்ததாகச் சொன்னார்கள்" என்பதைப் "பார்த்தேன்" என்று மாற்றிவிட்டால், பொய் உலகெங்கும் பரவிவிடும். எந்தப் பாதையில் கண்ணிவெடி இருக்கும், எந்தச் சோதனைச் சாவடியில் எப்படிப் பேச வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் இரு தரப்பினரும் அவரை ஒற்றர் என்று ஐயுறுவர். வேலை முடிந்ததும் நிருபர் விமானம் ஏறிவிடுவார். மொழிபெயர்ப்பாளரோ தம் குடும்பத்தோடு அங்கேயே வாழ வேண்டும்.

கம்போடியாவின் டித் பிரான் அப்படிப்பட்டவர். அவர் 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் சிட்னி ஷான்பெர்க்குக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் படையினர் தலைநகரைப் பிடித்தனர். அவர்களிடம் மன்றாடி நிருபரின் உயிரைக் காத்தார் பிரான். நிருபர் நாடு திரும்பினார், பிரான் சிக்கிக்கொண்டார். கற்றவர்கள் கொல்லப்பட்ட அந்நாளில், தமக்கு ஆங்கிலம் தெரியும் என்பதையே மறைத்து, வயல்வேலை செய்து உயிர் பிழைத்தார். 1979-ல் தாய்லாந்துக்குத் தப்பினார். மொழியால் வாழ்ந்தவர் மொழியை மறைத்து வாழ நேர்ந்தது எவ்வளவு கொடுமை!

கோடியக்கரைக்கு எதிரே கடலுக்கு அப்பாலும் இத்தகைய துயரம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 அன்று தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்.

ஐ.நா. பாதுகாப்பு அவை 2006-ல் நிறைவேற்றிய தீர்மானம், செய்தியாளரோடு அவர்களுக்குத் துணை நிற்போரையும் தாக்கக் கூடாது என்கிறது. ஆயினும் செய்தியின் கீழே அவர்கள் பெயர் பல வேளைகளில் இடம்பெறுவதில்லை.

விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோமின் திருநாளான செப்டம்பர் 30-ஐ, ஐ.நா. சபை 2017-ல் மொழிபெயர்ப்பு நாளாக அறிவித்தது. தோழியரே, அன்றைய காலைச் செபத்தில் பெயர் அறியாத இந்த நண்பர்களையும் நினைப்போமா?