நாயை அவிழ்த்துவிட எங்கே போவது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில், ரிச்மண்டில் உள்ள பாயிண்ட் இசபெல் பூங்காவுக்கு எங்க வீட்டு மணியை முதல்முறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தப் பக்கம் 'ஆஃப்-லீஷ்' என்றாலே எல்லாரும் சொல்லும் இடம். கார் நிறுத்துமிடம் தாண்டியதும் லீஷைக் கழற்றினேன். கரையோரம் ஒரு வெள்ளைக் கொக்கு. அவ்வளவுதான். கடல் உள்வாங்கியிருந்த நேரம். துரத்திக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டான். தொண்டை கிழியக் கத்தினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது நிமிடம் கழித்து, வயிறு வரை கருப்புச் சேறோடு அவனாகவே வந்தான். தண்ணீர் ஏறும் நேரமாக இருந்திருந்தால்?

தப்பு என்னுடையது. நாய்ப் பூங்கா என்றால் வேலி இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன்.

ஆஃப்-லீஷ் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, வேலி போட்டது. பெர்க்லியின் ஓலோன் பூங்காவில் இருப்பது அப்படி. 1979-ல் தொடங்கியது, அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று பொதுவாகச் சொல்வார்கள். பார்ட் ரயில் சுரங்கத்துக்காக வீடுகளை இடித்த நிலம் அது. இன்றைக்கும் நாய்கள் ஓடுகிற பூங்காவுக்கு அடியில் ரயில் ஓடுகிறது! இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவைச் சாத்திவிட்டு, நடுவில் லீஷைக் கழற்றி, பிறகு அடுத்த கதவைத் திறக்க வேண்டும். லீஷோடு உள்ளே இழுத்துப் போனால், மற்ற நாய்கள் சூழும்போது நம்ம நாய் ஒதுங்க வழியில்லாமல் சீறும்.

இரண்டாவது வகையில் வேலி கிடையாது, நம்ம குரல்தான் வேலி. பாயிண்ட் இசபெல் இந்த ரகம். சான் பிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் ஃபன்ஸ்டனும் அப்படியே. அங்கே கடற்கரைக்கு மேலே செங்குத்தான மணல் பாறைகள் வேறு. கூப்பிட்டால் வராத நாய்க்கு இவை சரிப்படாது.

தேடும்போது பூங்காவின் பெயரைவிட நிலம் யார் கையில் என்பதுதான் முக்கியம். வீடு வாங்குமுன் பட்டா யார் பேரில் என்று பார்ப்போமே, அது மாதிரி. கலிஃபோர்னியா மாநிலப் பூங்காவா? பொதுவாக 6 அடி லீஷ் கட்டாயம். தேசியப் பூங்காத் துறையின் பொது விதியும் அதேதான். ஃபோர்ட் ஃபன்ஸ்டன் அதில் ஒரு அபூர்வ விலக்கு. கிழக்கு வளைகுடா வட்டாரப் பூங்கா நிர்வாகம் தாராளம்: திறந்தவெளிகளில் பல இடங்களில் அவிழ்த்துவிடலாம், ஆனால் கார் நிறுத்துமிடம், பிக்னிக் புல்வெளிகளில் லீஷ் வேண்டும், சதுப்பு நிலத்தில் நாய்க்கே அனுமதி இல்லை. ஹோட்டல் விளம்பரங்களில் வரும் 'டாக் ஃப்ரெண்ட்லி'க்கும் ஆஃப்-லீஷுக்கும் சம்பந்தமில்லை.

நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'டாக்_பார்க்' டேக் உள்ள இடங்களை ஓவர்பாஸில் ஒரு வினவல் எழுதி எடுத்தேன். வேலி போட்ட சின்ன இடங்களைப் பிடிக்க அது நல்ல வழி. ஆனால் குரல் கட்டுப்பாட்டு விதியை நிர்வாகத்தின் பக்கத்திலும் வாசல் பலகையிலும்தான் படித்தாக வேண்டும்.

இன்னொரு விஷயம் ஃபாக்ஸ்டெயில் புல். நம்ம ஊர் வரப்பில் வேட்டியில் ஒட்டுமே, அந்த மாதிரி முள் கதிர். கோடையில் காய்ந்ததும் நாயின் காது, மூக்கு, விரல் இடுக்கில் ஏறும். முன்னால்தான் போகும், பின்னால் வராது. உள்ளே புகுந்துவிட்டால் டாக்டர்தான் எடுக்கணும். மே மாதத்திலிருந்து, காருக்குள் ஏற்றும் முன் நாலு பாதத்தையும் விரித்துப் பார்க்கிறேன்.

மணி இப்போது ஓலோனில் பயிற்சி எடுக்கிறான். கூப்பிட்டால் பத்துக்கு ஏழு தடவை வருகிறான். பாயிண்ட் இசபெல் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.