உங்களுக்குத் தெரியுமா? சின்ன கிட்டார், பெரிய சந்தோஷம்!

புது கிட்டார் வந்த வீட்டில் முதல் சில நாள்களுக்கு வேறு வேலை ஓடாது. அதுவும் மடியில் அடக்கமாக உட்காரும் சிறிய அக்கூஸ்டிக் கிட்டார் என்றால் சொல்லவே வேண்டாம். சோபாவில் சாய்ந்தபடி வாசிக்கலாம், கட்டிலில் உட்கார்ந்து வாசிக்கலாம், பஸ்ஸிலும் ரயிலிலும் கூடவே கொண்டுபோகலாம். ‘சின்னது சிறுவர்களுக்குத்தானே?’ என்று தயங்குகிறவர்கள் இந்தத் துணுக்குகளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எண் ஏறினால் உருவம் இறங்கும்
அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1833-ல் தொடங்கியது. அதன் பழைய அளவு முறையில் 5-ம் எண் கிட்டார்தான் மிகச் சிறியது. எண் குறையக் குறைய உடல் பெரிதாகும். 1-க்குப் பிறகு எண் தீர்ந்துபோனதால் 0, 00, 000 என்று பூஜ்யங்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். 0 அளவின் அகலம் சுமார் 34 செ.மீ, 000 அளவுக்கு 38 செ.மீ. கடையில் ‘டபுள் ஓ’, ‘டிரிபிள் ஓ’ என்று சொல்வது இவற்றைத்தான்.

அன்றைக்கு அதுதான் பெரிசு
19-ம் நூற்றாண்டின் நடுவில் மார்ட்டினின் 1-ம் எண் கிட்டார் பெரிய அளவாகக் கருதப்பட்டது. அகலம் ஏறத்தாழ 32 செ.மீ மட்டுமே! இன்று கடைகளில் நிறைந்திருக்கும் ‘டிரெட்நாட்’ வடிவம் 1916-ல்தான் வந்தது. பிரிட்டனின் போர்க்கப்பல் பெயரை அதற்கு வைத்தார்கள். நாம் ‘சின்ன கிட்டார்’ என்று அழைப்பது உண்மையில் கிட்டாரின் பழைய, இயல்பான அளவு.

அட்டையில் ஒரு கிட்டார்
ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ டி தோரஸ், நவீன கிளாசிக்கல் கிட்டாருக்கு வடிவம் கொடுத்த மேதை. 1862-ல் அவர் ஒரு கிட்டாருக்கு மேற்பலகையை மட்டும் மரத்தில் செய்துவிட்டு, பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக்கூழ் அட்டையில் செய்தார். கிட்டாரின் குரல் பெரும்பாலும் மேற்பலகையிலிருந்தே பிறக்கிறது என்று நிரூபித்துக் காட்டினார். அந்தக் கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்ன கிட்டார் வாங்கும்போதும் முதல் கவனம் மேற்பலகைக்குத்தான். ஒட்டுப்பலகையா, முழு மரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பார்த்தால் மர ரேகை மேலிருந்து கீழ்வரை தொடர்வது தெரிந்தால் அது முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

உள்ளே ஒரு பெருக்கல் குறி
செல்போன் டார்ச்சை அடித்து, ஒலித்துளைக்குள் ஒரு சின்னக் கண்ணாடியை நுழைத்து மேற்பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மரச்சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டி ‘X’ போல நிற்கும். 1840-களில் மார்ட்டின் பட்டறையில் உருவான அமைப்பு இது. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய 70 கிலோ. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பலகை வளைந்துபோகாமல் அதைத் தாங்குவதும், அப்படித் தாங்கிக்கொண்டே அதிர்ந்து பாடுவதும் இந்தச் சட்டங்களின் கைங்கரியம்.

விரலுக்கு விடுதலை
முழு அளவு கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் சுமார் 64.5 செ.மீ. ‘லிட்டில் மார்ட்டின்’ போன்ற குட்டி கிட்டாரில் 58.4 செ.மீ. முதல் நான்கு ஃப்ரெட்டுகளை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) அளந்தால் பெரியதில் 13.3 செ.மீ வரும், சின்னதில் 12 செ.மீ. ஒரு செ.மீட்டருக்குச் சற்று அதிகம்தான் வித்தியாசம். ஆனால், சுண்டுவிரலை நீட்டி நீட்டிக் களைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இழுவை குறையும், வலியும் குறையும்
அதே கம்பி, அதே சுருதி. நீளம் மட்டும் குறைந்தால் இழுவையும் குறையும். 64.5 செ.மீட்டரிலிருந்து 58.4-க்கு வந்தால் சுமார் 18 சதவீதம் குறைகிறது. புதிதாகப் பழகுகிறவர்களைக் கண்கலங்க வைக்கும் F கார்டு இதில் சீக்கிரம் வசப்படும். விரல்நுனி காய்ப்புக் காய்க்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய வலியும் குறைவு.

பன்னிரண்டில் சேரும் கழுத்து
பழைய பாணிச் சின்ன கிட்டார்கள் பலவற்றில் கழுத்து 12-வது ஃப்ரெட்டில் உடலோடு சேரும். இதனால் முதல் ஃப்ரெட் நம் பக்கம் நெருங்கி வருகிறது. இடது கை அதிகம் நீள வேண்டியதில்லை. கம்பிகளைப் பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜும் பலகையின் அகன்ற பகுதியின் நடுப்பக்கம் நகர்கிறது. உயரத்தில் உள்ள ஸ்வரங்களை எளிதாகத் தொடவேண்டும் என்று பெர்ரி பெக்டல் என்ற பாஞ்சோ கலைஞர் கேட்டதற்காக, 14-வது ஃப்ரெட்டில் சேரும் ‘ஓ.எம்’ கிட்டாரை மார்ட்டின் 1929-ல் செய்தது. வீட்டில் உட்கார்ந்து வாசிக்க 12 போதும், தாராளமாகப் போதும்.

இல்லாத பேஸைக் கேட்கும் காது
கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சின்னப் பெட்டியால் அந்த அடித்தொனியை வலுவாகக் கொடுக்க முடியாது. ஆனால், அதன் மடங்குகளான 165, 247 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ் தெளிவாக வரும். அவற்றை வைத்து நம் மூளை அடித்தொனியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பேஸ் சற்று அடங்கியிருப்பதில் லாபமும் உண்டு: பாடும் குரலை அது அமுக்காது, விரலால் மீட்டும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும்.

இரும்புக் கம்பிக்கு மாறிய குட்டி
ஆரம்பத்தில் கிட்டார்களுக்குக் குடல்நரம்புத் தந்திகள்தான். 1922-ல் மார்ட்டின் தன் ‘2-17’ கிட்டாரை இரும்புக் கம்பிக்கென்றே செய்து விற்கத் தொடங்கியது. உடல் முழுக்க மகோகனி, அளவில் குட்டி. அடுத்த சில ஆண்டுகளில் இரும்புக் கம்பியே வழக்கமாகிவிட்டது.

புளூஸ் மன்னனின் கையில்
ராபர்ட் ஜான்சன் 1936, 1937-ல் பதிவுசெய்த பாடல்கள் மொத்தம் 29. உலகின் கிட்டார் கலைஞர்கள் இன்றும் அவற்றைக் கேட்டுப் பாடம் படிக்கிறார்கள். அவருடைய புகழ்பெற்ற ஸ்டுடியோ புகைப்படத்தில் கையில் இருப்பது கிப்ஸன் எல்-1 என்ற சின்ன கிட்டார். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயேஸின் கையிலும் 1929-ல் செய்த மார்ட்டின் 0-45 என்ற சிறிய கிட்டார்தான்.

மைதானத்தை நிறைத்த லிட்டில்
2015 ஜூலையில் எட் ஷீரன் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மூன்று இரவுகள் பாடினார். பின்னணி இசைக்குழு கிடையாது. குட்டி மார்ட்டின் கிட்டாரும், வாசித்ததையே திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் லூப் பெடலும்தான் துணை. சின்ன கிட்டாரை நம்பி எவ்வளவு பெரிய மேடையும் ஏறலாம்.

விண்வெளியிலும் பார்லர்
சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு கிட்டார் உண்டு. கனடாவின் லாரிவே நிறுவனம் செய்த சிறிய ‘பார்லர்’ கிட்டார். 2013-ல் கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் அதை வாசித்துப் பாடிய காணொளி உலகம் முழுக்கப் பரவியது. எடையே இல்லாத இடத்தில் மடியில் கிட்டார் உட்காராது, மிதக்கும். அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

நம் மலையின் ஈட்டி
உயர்ரக கிட்டார்களின் பின்புறத்துக்கு ஒருகாலத்தில் பிரேசில் ரோஸ்வுட்தான் என்று இருந்தது. அது கிடைப்பது அரிதாகவே, 1969-ல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, தென்னிந்திய மலைகளில் வளரும் நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். இந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. கருஞ்சிவப்பில் ரேகை ஓடும் பின்பலகை உங்கள் கிட்டாருக்கு வாய்த்திருந்தால், அதைக் கண்போலக் காப்பது நம் கடமை.

முதல் வாரம் சுருதி நிற்காது
புதுக் கம்பி போட்டதும் சுருதி இறங்கிக்கொண்டே போகும். கிட்டார் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கம்பி நீண்டு, சுற்று இறுகி நிலைக்க அவகாசம் தேவை. ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி டியூன் செய்யுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெயிலும் வேண்டாம், ஏ.சி-யும் வேண்டாம்
கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும்; கம்பி உயர்ந்து, அழுத்தக் கஷ்டமாகும். எந்நேரமும் ஏ.சி ஓடும் அறையில் மரம் காய்ந்து விரிசல் விடும். உறையோடு ஒரு சிலிகா ஜெல் பையும், சின்ன ஈரப்பதமானியும் வாங்கிவிடுங்கள். மூடிய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் கழன்றுவிடும்.

எது நல்ல கிட்டார்?
விலைப்பட்டியலில் இதற்குப் பதில் கிடைக்காது. எதைக் கையில் எடுக்கத் தயக்கமே வருவதில்லையோ, அதுதான் நல்ல கிட்டார். தினமும் கால்மணி நேரம் வாசிக்கிறவர், வாரத்தில் ஒருநாள் மட்டும் இரண்டு மணி நேரம் வாசிக்கிறவரைவிடச் சீக்கிரம் முன்னேறுவார். அந்தக் கால்மணி நேரத்தைத் தினமும் நம்மிடம் கேட்டு வாங்கிவிடும் சாமர்த்தியம் சின்ன கிட்டாருக்கு உண்டு. வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள்! வாங்கப்போகிறவர்கள் கடையில் நாலைந்தை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.