மாற்றுவதா, காத்திருப்பதா?

பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டே சமாளிப்பதா, புதியதற்கு முதலீடு செய்வதா என்ற கேள்வி கொங்கு மண்டலத்துக்குப் புதிதல்ல. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்த காலத்திலிருந்து நூற்பாலை உரிமையாளரும் விசைத்தறியாளரும் தோட்டத்து விவசாயியும் இதை எதிர்கொண்டே வந்திருக்கின்றனர். இன்று அதே கேள்வி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டு வாக்கில் வாங்கிய கேமிங் கணினி திணறுகிறது; அதன் பிராசசரை மாற்றலாமா, பொறுத்திருக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கின்றனர். செலவு பல ஆயிரம் ரூபாய். அது பெரும்பாலும் மாதத் தவணையாகப் பெற்றோர் தலையில் விழுகிறது. எனவே, இதை விளையாட்டு என்று ஒதுக்காமல் முதலீட்டு முடிவாகவே ஆராய வேண்டும்.

முதலில் அறிய வேண்டியது, தடை எங்கே இருக்கிறது என்பது. கிணற்றில் ஊற்று குறைந்திருக்கும்போது ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பத்து குதிரைத்திறன் மோட்டாரைப் பொருத்தினால் தண்ணீர் பெருகாது. கிணறுதான் விரைவில் வற்றும். கணினியும் அப்படித்தான். விளையாட்டின் கணக்கீடுகளைப் பிராசசரும், திரைக்காட்சியைக் கிராபிக்ஸ் கார்டும் கவனித்துக்கொள்கின்றன. விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு முழுத்திறனில் இயங்கினால் பிராசசரை மாற்றிப் பெரிய பயனில்லை. கிராபிக்ஸ் கார்டு பாதி ஓய்வாக இருந்தும் காட்சி தடுமாறினால், குறை பெரும்பாலும் பிராசசரில்தான். இதைக் காட்டும் வசதி விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே இருக்கிறது, சோதிக்கச் செலவில்லை.

அடுத்தது, ஒன்றை மாற்றினால் கூடவே எவற்றை மாற்ற வேண்டியிருக்கும் என்பது. 2017-இல் வாங்கிய இரு கணினிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஏஎம்டி நிறுவனத்தின் முதல் தலைமுறை ரைசன். மற்றதில் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை பிராசசர். ஏஎம்4 எனப்படும் அதே பொருத்துவாயை ஏஎம்டி பல ஆண்டுகள் தொடர்ந்ததால், முதல் கணினியின் மதர்போர்டில் பயோஸைப் புதுப்பித்தபின், பெரும்பாலும் 2020-இல் அறிமுகமான ரைசன் 5000 வரிசையையே பொருத்தலாம். இன்டெல்லோ எட்டாம் தலைமுறைக்கே புதிய மதர்போர்டைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே, முதலாமவருக்கு ஒரு பாகத்தின் விலை. இரண்டாமவருக்குப் பிராசசர், மதர்போர்டு, பெரும்பாலும் ராம் நினைவகம் ஆகியவற்றின் விலை. கேள்வி ஒன்றே என்றாலும் விடை ஒன்றல்ல.

மூன்றாவது, காத்திருப்பதன் மதிப்பு. திரும்பப் பெற முடியாத முதலீட்டில், எதிர்காலம் தெளிவற்றிருக்கும்போது பொறுத்திருக்கும் உரிமைக்கே ஒரு விலை உண்டு என்று அவினாஷ் தீட்சித்தும் ராபர்ட் பிண்டைக்கும் 1994-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். கணினிச் சந்தையில் இதுவரை பெரும்பாலும் காலம் காத்திருப்பவர் பக்கமே இருந்தது. பொறுத்தவருக்கு மலிவாகக் கிடைத்தது. ஆனால், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியது. 'அடுத்த ஆண்டு விலை குறையும்' என்பது இனி தானாக நடக்கும் ஒன்றல்ல. கையிலுள்ள ராமை அப்படியே பயன்படுத்தும் மாற்றத்துக்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது.

காத்திருப்பதற்கும் செலவு உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மேற்சொன்ன இரு பிராசசர்களும் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அதே கணினியில் வங்கிக் கணக்கையும் இயக்குபவருக்கு, இது வேகத்தைவிடப் பெரிய காரணம்.

இன்னொரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. 1999-இல் மத்திய அரசு தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம், ஜவுளி ஆலைகள் புதிய இயந்திரம் வாங்கிய கடனின் வட்டியில் 5 விழுக்காட்டுப் புள்ளிகளை ஏற்றது. அந்த இயந்திரம் வருவாயும் ஈட்டியது. கேமிங் கணினி வருவாய் ஈட்டுவதில்லை; தேய்மானமோ வேகமானது. வருமான வரி விதிகள் பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் தரும்போது, கணினிக்கு 40 விழுக்காடு தருகின்றன. அந்தக் கணக்கில் மூன்றாண்டுகளுக்குப்பின் எஞ்சுவது விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அதற்குமேல் நீளும் தவணை, மதிப்பிழந்த பொருளுக்குக் கட்டும் வட்டியாகிவிடும்.

ஆகவே, தடை பிராசசரில்தான் என்று உறுதியாகி, பழைய மதர்போர்டிலேயே புதியது பொருந்துமானால், கையிருப்புப் பணத்தில் மாற்றிக்கொள்ளலாம். மூன்று பாகங்களையும் மாற்ற வேண்டுமெனில் பொறுத்திருப்பதே நன்று. ஆனால், எதற்காக, எந்த மாதம் வரை என்று குறித்து வைத்துக்கொண்டு பொறுக்க வேண்டும். இல்லையென்றால், அடுத்த விளம்பரம் வரும் நாளே நம் முடிவு நாளாகிவிடும்.