வெடியலை: சொல்லும் கணக்கும்

வேலூர்க்குத் தெற்கே சவ்வாது மலைச்சாரலில் அமைந்தது அமிர்தி. அம்மலைத் தொடரிலேயே உள்ள காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவருகின்றது. அத்தகைய கருவிகள் ஆராயும் விண்மீன் வெடிப்பைத் தமிழில் விளக்கப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது சொல்லிடரே. எரிதலையும் வெடித்தலையும் உலக வழக்கு ஓசையால் வேறுபடுத்தும். இயற்பியலோ வேகத்தால் வேறுபடுத்தும். அவ்வேறுபாட்டை ஈண்டு ஆராய்வாம்.

வாயுவில் தீமுகம் ஒலியினும் மெல்லச் செல்லின் அஃது எரியலை. விரைந்து செல்லின் வெடியலை. எரியலையில் வெப்பம் பரவி அடுத்த அடுக்கைப் பற்றவைக்கும். வெடியலையில் முன்செல்லும் அதிர்ச்சியலை வாயுவை நெருக்கிச் சூடேற்றும்; அவ்வாயு எரிந்து விடுக்கும் ஆற்றல் அதிர்ச்சியலையைத் தாங்கிநிற்கும். பொருண்மை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழியாமை விதிகள் மூன்றும் இவ்வலையின் வேகத்தை அறுதியிடப் போதா. ஆதலின், எரிந்த வாயு அலையினின்று தன் ஒலிவேகத்திலேயே விலகும் என்னும் நான்காம் விதியும் வேண்டப்படும். இக்கொள்கை 1899இல் எழுதிய சாப்மன், 1905இல் எழுதிய ஜூகே ஆகியோர் பெயரால் வழங்குகின்றது.

இனி, மின்தடை அறவே அற்ற பாய்மத்தை நோக்குவாம். அதனுள் காந்தக்கோடுகள் உறைந்தனபோல் உடன்செல்லும். இத்தகைய பாய்மத்தில் ஒருவகை அலை எழும் என 1942இல் ஆல்வேன் காட்டினார். அலை செல்லும் திசைக்குப் புலம் குறுக்காக அமையின், பாய்மம் இருமடங்கு நெருங்கப் புலமும் இருமடங்காகும். புலத்தின் அழுத்தமோ நான்மடங்காகும். அவ்வழுத்தம் உந்தக் கணக்கிலும், புலத்தின் ஆற்றல் ஆற்றற் கணக்கிலும் சேரும். நான்காம் விதியில் ஒலிவேகம் நீங்கும். ஒலிவேகம், ஆல்வேன் வேகம் என்னும் இரண்டன் வர்க்கங்களைக் கூட்டிய தொகையின் வர்க்கமூலம் அவ்விடத்து நிற்கும். புலம் அலையின் திசையிலேயே அமையின், எளிய நிலையில் பழைய கணக்கே பொருந்தும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், காந்தப்புலமுடைய பாய்மங்களின் நிலைப்பாட்டையும் 1961இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். வெண்குறுமீனுக்கு அவர் கண்ட எல்லை ஞாயிற்றின் பொருண்மையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீனுள் தீ எரியலையாகத் தொடங்கி வெடியலையாக மாறும் என்பது இன்றைய கொள்கைகளுள் ஒன்று. அம்மீனின் பொருளும் மின்கடத்துவதே. இரண்டையும் ‘வெடிப்பு’ என ஒருசொல்லால் பெயர்ப்பின் அக்கொள்கையே தமிழில் பொருளற்றுப் போம்.

ஆகவே, இருசொல்லும் வேண்டும் என்பது எம் துணிபு. வெடியலைக்கு ‘ஒலியினும் விரைவது’ என்னும் இலக்கணம் காந்தப்புலமுள்ள இடத்துக் குன்றும். ‘நெருக்கத்தின் செய்தி அப்பாய்மத்தில் செல்லும் வேகத்தினும் விரைவது’ எனின் ஈரிடத்தும் பொருந்தும்.