தகப்பன் ஸ்தானம்

வசையைப் பொறுக்கலாம், தயவாகத் தாழ்த்திப் பேசுவதைப் பொறுப்பது அரிது. இந்தியரின் முன்னேற்றம் எப்பொழுது, எம்முறையில் என்பதைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டே நிர்ணயிக்கும் என்றது 1919ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் முகவுரை. நம்மைக் கேளாமலே அது நமக்குத் தகப்பனாயிற்று! 1927இல் நியமனமான ஸைமன் கமிஷனின் எழுவரில் ஓர் இந்தியரும் இல்லை. தேசம் கொதித்தது, நியாயமே.

ஆனால், நேயர்களே, மேலநீலிதநல்லூர் போன்ற நம் கிராமங்களில் அறுபது பிராயத்து உழவரை ஒரு சிறுவன் "ஏலே" என்றழைப்பது இன்றும் செவியில் விழக்கூடும். "அவனை எங்கள் வீட்டுப் பிள்ளைபோல் நடத்துகிறோம்" என்பர் வீட்டார், மெய்யான பிரியத்துடனேயே. பிள்ளையாயிருக்க அப்பெரியவர் எப்பொழுது சம்மதித்தார்? 1950இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. அவரை "நீங்கள்" என்றழைக்க வேறு மசோதாவுக்குக் காத்திருக்கிறோமா?