நிமிரக் கற்ற முதுகு

மலேசியாவின் கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் இந்த ஊரில் நடப்பட்ட ஒன்பது மரங்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் மரத்தின் வயதைக் கேட்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கோ பால் மரம் என்றதும் நினைவுக்கு வருவது அதன் முன்னால் குனிந்த முதுகுகள்.

புது மரத்தில் வெட்டு ஏறக்குறைய மார்பு உயரத்தில் தொடங்கும். ஒவ்வொரு முறையும் மெல்லிய பட்டையைச் சீவுவதால், வெட்டுக்கோடு ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். வெட்டுகிறவரும் அதோடு சேர்ந்து குனிந்துகொண்டே போக வேண்டும். முதிர்ந்த மரத்தில் மேல்வெட்டு என்றால் கழுத்தை அண்ணாந்து வெட்ட வேண்டும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனால், காலைக்குள் நானூறு ஐந்நூறு மரங்கள். பிறகு தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் பால் வாளி.

அத்தனையையும் தாங்கியது உடம்பின் நடுவில் நிற்கும் தூண். வளர்ந்த மனித உடம்பில் 206 எலும்புகள். கை, கால், தோள், இடுப்பு எலும்புகளை ஒதுக்கிவிட்டால் 80 மிஞ்சும். இதை அச்சு எலும்புக்கூடு என்பார்கள். மண்டையோட்டில் 22, இரு காதுகளுக்குள் 6, தொண்டையில் 1, முதுகில் 26, மார்புக்கூட்டில் 25.

உச்சியிலிருந்து பார்ப்போம். மண்டையோடு ஒரே ஓடு போலத் தெரிந்தாலும், மூளையை மூடும் எலும்புகள் 8, முகத்தில் 14. கைக்குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பாட்டி உச்சிக்குழியில் விரல் அழுந்தாமல் பார்த்துக்கொள்வார். அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. பிரசவத்தின்போது தகடுகள் நெருங்கிக் குறுகிய வழியில் தலை வெளிவரவும், பின்பு மூளை வளரவும் அந்த இடைவெளி வேண்டும். உச்சியிலுள்ள குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். விளக்குக் கட்டுகிற நெற்றி எலும்பே பிறக்கும்போது இரண்டு துண்டுதான்.

காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பின் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். உடம்பிலேயே சிறிய எலும்பு அதுதான். தொண்டையிலுள்ள நாவடி எலும்பு வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராமல், தசைகளிலும் தசைநார்களிலும் தொங்கி நாக்கைத் தாங்குகிறது.

மண்டையோட்டின் அடியில் ஒரு பெரிய துளை இருக்கிறது. தண்டுவடம் இறங்கும் வழி அது. நாய், மாடு போன்ற நாலுகால் விலங்குகளில் அது தலையின் பின்பக்கம் தள்ளி இருக்கும். நமக்கோ அடிப்பாகத்தின் நடுவை ஒட்டி வந்திருக்கிறது. அதனால்தான் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை, பானையைத் தலையில் வைத்த மாதிரி கழுத்தின்மேல் சமநிலையில் உட்கார்ந்திருக்கிறது. புதையுண்ட மண்டையோடு ஒன்று கிடைத்தால், அதற்குரியவர் நிமிர்ந்து நடந்தவரா என்று ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது இந்தத் துளையைத்தான்.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான். ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவே. அடுத்து மார்பில் 12, இடுப்பில் 5. அதற்கும் கீழே, சிறு வயதில் தனித்தனியாக இருந்த 5 எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து உருவானது திரிக எலும்பு. வால் எலும்பும் அப்படிச் சேர்ந்ததுதான்.

முதுகின் வளைவுகளில்தான் இந்தத் தூணின் வியப்பே இருக்கிறது. கருப்பையில் குழந்தை சுருண்டு கிடக்கும். அதன் முதுகு ஒரே வில். குப்புற விழுந்து தலை தூக்கும்போது கழுத்தில் எதிர்வளைவு உருப்பெறுகிறது. எழுந்து நின்று நடக்கும்போது இடுப்பில் இன்னொன்று. அந்த வளைவுகள் உடம்பின் எடையைக் காலுக்கு நேர்மேலே கொண்டுவந்து நிறுத்துகின்றன, அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கின்றன. நிமிர்ந்த முதுகை யாரும் முழுதாகப் பிறவியிலேயே கொண்டுவருவதில்லை. விழுந்து எழுந்துதான் அதை முடிக்கிறோம்.

முள்ளெலும்புகளுக்கு நடுவே 23 இடைவட்டுகள். நாம் 'டிஸ்க்' என்பவை இவைதான். பகல் முழுக்க எடை அழுத்துவதால் இவற்றிலிருந்து நீர் கொஞ்சம் வெளியேறும். இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் நாம் மாலையைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் உயிருள்ள மனிதர்களின் இடைவட்டில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட முன்னால் குனியும்போது அழுத்தம் கூடியது. கையில் சுமையும் இருந்தால் இன்னும் கூடியது. தாழ்வெட்டு மரத்தின் முன்னால் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு இதைச் சொல்ல ஊசி தேவைப்படவில்லை.

அந்த முதிய மரம் நிற்கும் கோலா கங்சாரிலிருந்து கிரிக் சாலையில் வடக்கே போனால் லெங்கோங் பள்ளத்தாக்கு வரும். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே குனோங் ருந்தோ குகையில், 1990களின் தொடக்கத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜீத் குழுவினர் ஏறக்குறைய முழுமையான ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். பேராக் மனிதன் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, நாற்பது வயதைக் கடந்து இறந்த ஆண் அவர். ஐந்தடிக்குச் சற்றே கூடிய உயரம். முழங்கால்களை மார்போடு மடக்கி, கருப்பைக் குழந்தை போலக் கிடத்திப் புதைத்திருந்தார்கள். நிமிரக் கற்ற முதுகு மறுபடியும் ஒரே வில்லாக வளைந்து கிடந்தது.

அவருடைய இடக்கை விரல் எலும்புகள் பிறவியிலேயே குறுகியவை. வேட்டையாடியும் ஆற்று நத்தை பொறுக்கியும் பிழைத்த கூட்டத்தில், ஒரு கை சரியில்லாதவர் நாற்பது வயது தாண்டுவது எளிதல்ல. கல்லாயுதங்களும் விலங்கெலும்புகளும் நத்தை ஓடுகளும் வைத்து அவரை அடக்கம் செய்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கூட்டம் அவரை மதித்தது என்று தோன்றுகிறது.

நம் வீட்டிலும் தோட்டத்து முதுகுகள் இருக்கின்றன. வருடா வருடம் பாட்டியின் உயரம் குறைந்து, மேல்முதுகு கூனினால், "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுகிறோம். எலும்பு அடர்த்தி குறையும்போது, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவமாகிவிடலாம். பல நேரங்களில் பெரிய வலியே தெரியாது. உயரம் குறைவதுதான் அடையாளம். இதைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மேலும் நொறுங்காமல் தடுக்க மருந்தும் உண்டு. வீட்டுப் பெரியவரைச் சுவரோரம் நிற்க வைத்து உயரத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு கோடு இறங்கியிருந்தால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.