பல்பு மேல் பழி போடாதீர்கள்: மோட்டார்சைக்கிள் ட்ரெய்லர் கனெக்டர் பற்றி ஒரு குறிப்பு

போன கோடையில் ஓர் இரவு. அமெரிக்க நெடுஞ்சாலையில், மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் சின்ன ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு தூறலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் காரில் மனைவியும் மகளும். வழியில் நிறுத்தியபோது மனைவி சொன்னார்: "ஏங்க, நீங்க இடது சிக்னல் போடுறப்பல்லாம் ட்ரெய்லர்ல சிவப்பு லைட் மங்கி மங்கி எரியுது. பிரேக் பிடிச்சா சரியாவே தெரியல. நானா இருக்கப்போய் தள்ளி வந்தேன்."

வேறு யாராவது பின்னால் வந்திருந்தால்? அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் பல்புகளை மாற்றினேன். பலனில்லை. கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. எல்லாம் சரியாத்தானே இருக்கு?

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். மல்டிமீட்டர் மின்னோட்டம் எதுவும் கேட்பதில்லை என்றே சொல்லலாம். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் முழு வோல்ட் காட்டும். பல்பு அப்படியில்லை. பரவலாகப் புழங்கும் 1157 பல்பில் பிரேக்-சிக்னல் இழைக்குச் சுமார் 2 ஆம்பியர், பின்விளக்கு இழைக்குச் சுமார் அரை ஆம்பியர் வேண்டும். எல்லா பல்புகளின் மின்சாரமும் திரும்பிப் போக இருப்பது ஒரே எர்த் வயர். அதில் 1 ஓம் தடை சேர்ந்தால், இரண்டு பின்விளக்குகள் எரியும்போது 1 வோல்ட் அங்கேயே போய்விடும். சிக்னலும் சேர்ந்தால் 3 வோல்ட் வரை போகும். அதனால்தான் சிக்னலின் தாளத்துக்கு மற்ற விளக்குகள் மங்கின.

ஆகவே விளக்குகளை எரியவிட்டுச் சோதிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை ட்ரெய்லரின் எர்த்தில். பத்தில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எனக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டியது.

அமெரிக்காவில் சின்ன ட்ரெய்லர்களுக்குத் தட்டையான நான்குமுனை கனெக்டர்தான். வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது சிக்னலும் பிரேக்கும், பச்சை வலது சிக்னலும் பிரேக்கும். வண்டிப் பக்கப் பாதியில் மூன்று முனைகள் ரப்பருக்குள் மறைந்திருக்கும், எர்த் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கனெக்டர் சும்மா தொங்கி இரும்பில் பட்டாலும் ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பாதிகளை மாற்றிப் பொருத்தினால் இந்தக் காப்பு போய்விடும். ஆனால் வெளியே நிற்பதால் மழையும் புழுதியும் முதலில் தின்பதும் அந்த எர்த் முனையைத்தான். நான் மூடி போடாமல் தொங்கவிட்டிருந்தேன். தப்பு என்னுடையது.

பழைய கனெக்டரை வெட்டினேன். உள்ளே செம்பு களிம்பேறிக் கறுத்திருந்தது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். களிம்பின் மேல் போடும் இணைப்பு நிற்காது. நான்கு வயர்களையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டினால் இணைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வராது. உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயை முதலிலேயே வயரில் கோர்த்துவிடுங்கள் (நான் ஒருமுறை மறந்து, திரும்ப வெட்டினேன்!). கிரிம்ப் செய்து, இழுத்துப் பார்த்து, பிறகு சூடு காட்டுங்கள். முனைகளில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ்.

வெள்ளை வயரை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனேன். இழுவைக் கொக்கியின் பந்து வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. அதில் கிரீஸும் துருவும்தான் இருக்கும். மோட்டார்சைக்கிள் வளைவில் சாயும், அதனால் வயருக்குத் தளர்வு வேண்டும். ஆனால் சாலையிலும் சைலன்சரிலும் படக்கூடாது.

கடைசியாக, விளக்குகளைத் தனித்தனியாகச் சோதித்தால் போதாது. பின்விளக்கு, சிக்னல், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார, மகள் பின்னால் நின்று பார்த்தாள்.

"அப்பா, கண்ணு கூசுது!"

அதன்பிறகுதான் மீட்டரை மூடி வைத்தேன்.